கிளைகள் முதலில் தேட வேண்டியது ஆசிரியரை

1984-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்குக்கு இன்று நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. பழைய கட்டடங்களைப் பட்டியலிடுவதும் பழுது பார்ப்பதுமே அவற்றின் வேலை என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பள்ளிகளில் மரபு மன்றம் அமைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, வினாடி வினாவும் ஓவியப் போட்டியும் நடத்துவது என்று கிளைகளின் உழைப்பில் கணிசமான பங்கு மாணவர்களுக்கே போகிறது. அது சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா?

நாட்காட்டியைப் பார்த்தாலே சிக்கல் புரியும். உலக மரபு நாளான ஏப்ரல் 18, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வுக் காலம். நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரம் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. இந்த இரண்டையும் மட்டுமே நம்பியிருக்கும் கிளைக்கு மிஞ்சுவது சான்றிதழும் குழுப் புகைப்படமும்தான்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியே சான்று. அங்கே தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பழைய எழுத்துகளைப் படிக்கப் பழகிய மாணவர்கள், தங்கள் ஊர்ப்புறத்தில் கிடந்த பானை ஓடுகளையும் காசுகளையும் தாங்களே அடையாளம் கண்டார்கள். அதற்கு வேராக இருந்தவர் ஆண்டு முழுவதும் கூடவே நின்ற ஓர் ஆசிரியர். கிளைகள் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்களைத்தான்.

அவர்களுக்குத் தேவையானது பொருள் தெரிந்தவர்களின் துணை. எண்ணாயிரம் ஊரில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்றில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வகுப்பில் இது ஓரிரு வரியில் கடந்துபோகும் செய்தி. கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் கோயில் சுவருக்கு முன்னால் மாணவர்களை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் நாழி, குறுணிக் கணக்கில் அளக்கப்பட்ட நெல்லை விளக்கினால் வரலாறும் கணக்கும் ஒன்றாக நடக்கும். புதுச்சேரியில் 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதியும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமும், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்களுமாக ஒரே வீட்டில் இரு மரபுகள் சேர்ந்து நிற்பதை, பென்சிலும் தாளும் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை வரைந்தே கண்டுபிடித்துவிடும்.

ஆர்வம் சேதத்தில் முடியாமல் பார்த்துக்கொள்வதும் கிளையின் பொறுப்பே. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லில் மாவோ சுண்ணாம்போ தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சமே பெரும்பாலும் போதும். கண்டெடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், எங்கும் தோண்டக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கிளை ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகள் திறக்கும் ஜூனில், போட்டி அறிவிப்பு அனுப்பும் முன் உங்கள் மாவட்ட அரசுப் பள்ளிகளிலிருந்து ஐந்து ஆசிரியர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓரிடத்தைக் காட்டி, மழைக்கு முன் இருமுறையும் பொங்கலுக்குப் பின் ஒருமுறையும் உடன் செல்லுங்கள்.