உப்புக் கூடிய சோறும் ஒற்றை நட்சத்திரமும்



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் நம் மாணவர்கள் சிலர் மதரஸா வராந்தாவில் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருந்தனர். அருகே சென்று பார்த்தோம். ஓர் இளைஞர் தெருவோரக் கடை ஒன்றின் முன் நின்று, பிரியாணித் தட்டைக் கையில் ஏந்தி, ஒரு வாய் உண்பதும், கண்களை மூடுவதும், பின்னர் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார். கறி வேகவில்லையாம். மசாலா ஏறவில்லையாம். கொடுத்த காசு தண்டமாம். ஒரு நிமிடம்கூட நிறையாத அக்காட்சியில், பின்னால் அடுப்படியில் நின்றிருந்த கடைக்காரரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. மாணவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்திருப்போம். ஆனால் நமக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

நாம் வாழும் வட்டாரம் பிரியாணிக்குப் பெயர்பெற்றது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சீரகச் சம்பா அரிசியில் தம் போட்டு, கத்தரிக்காய்க் கறியும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் உடன் வைத்துப் பரிமாறும் அந்த உணவைப் பற்றிப் பேசாமல் இங்கே ஒரு நாளும் கழிவதில்லை. எந்தக் கடையில் நேற்றுக் கறி எப்படி இருந்தது என்பது ஃபஜ்ருக்குப் பின் தேநீர்க் கடையில் தலைப்புச் செய்தி. இதில் குறை காண நாம் யார்? அந்த வட்டத்தில் நாமும் ஒருவராக அமர்ந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூரிலிருந்து வந்த இரு ஆலிம்களை நெடுஞ்சாலையோரச் சிறு கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அன்று சோற்றில் உப்பு மிகுந்துவிட்டது. விருந்தினர் முன் நமக்கு வெட்கமாயிற்று. கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். வீடு திரும்பியதும் ஜமாஅத்தினரின் வாட்ஸ்அப் குழுவில், உப்பளத்தில் அமர்ந்து உண்டதுபோல் இருந்தது, அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று எழுதினோம். எழுதும்போது அது நகைச்சுவை என்றே நமக்குத் தோன்றியது. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. வேறு சிலர் தத்தம் பங்குக்கு ஒரு குறையைச் சேர்த்தனர். அவர்களுள் இருவர் அக்கடையில் ஒருபோதும் உண்டதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

மூன்றாவது ஜும்ஆவன்று, தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அந்தக் கடைக்காரர். முஸாஃபஹா செய்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். தம்பி பையன்தான் தம் போட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற தட்டு வெச்சிருப்பேனே." அவ்வளவுதான். கோபம் இல்லை, முறையீடும் இல்லை. வியாபாரம் குறைந்ததா என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு இல்லை. அன்று மாலையே அதே குழுவில் மன்னிப்பு எழுதினோம். ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினர். முந்தைய செய்தி அதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போயிருந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆனால் அதன் விரிவுரையைப் புரட்டியவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. குறை கூறுதல் என்றால் என்ன என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உதாரணங்கள் தருகிறார்கள்: உப்புக் கரிக்கிறது, உப்புக் குறைவு, புளிக்கிறது, நீர்த்திருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, வேகவில்லை என்பன போன்றவை. 1277-இல் மறைந்த அந்த இமாம், இன்றைய ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு எழுதியது போலல்லவா இருக்கிறது!

இங்கே ஒரு கேள்வி எழும். அல்லாஹ் படைத்த பொருளைக் குறை கூறுவதுதானே தவறு, மனிதர் சமைத்த விதத்தைக் குறை கூறினால் என்ன? இக்கேள்வியும் புதியதன்று. அவ்வாறு பிரித்துச் சொன்ன அறிஞர்கள் இருந்ததை இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் புகாரீயின் விரிவுரையில் எடுத்துக் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு, தம் கருத்தாக, இரண்டுக்கும் இது பொதுவானது என்றே கூறுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சமைத்தவரின் உள்ளம் உடைகிறது என்பது. ஃபத்ஹுல் பாரீயின் அந்த இடத்தை நாம் முன்பே பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த ஜும்ஆவுக்குப் பின்னரே அது நமக்கு விளங்கியது.

அப்படியானால் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல வேண்டுமா? அதுவும் இல்லை. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அது உடும்பு எனத் தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்களின் மண்ணில் இது இல்லாததால் தமக்கு ஒவ்வவில்லை என்றார்கள். காலித் (ரலி) தட்டைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. உணவைப் பற்றிய மதிப்புரை எப்படி அமைய வேண்டும் என்று நம்மிடம் கேட்டால், இதைவிடச் சிறந்த ஒன்றைக் காட்ட நம்மால் இயலாது. சொன்னது தம் நாவைப் பற்றி. உணவின்மேல் பழி இல்லை, பக்கத்தில் இருந்தவரின் பசியையும் அது கெடுக்கவில்லை. நம் பிள்ளைகளோ தமக்குக் காரம் ஒத்துக்கொள்ளாததை அந்தக் கடையின் குற்றமாக எழுதுகிறார்கள்.

எனினும், வாயை மூடிக்கொண்டிருப்பதே எல்லா இடத்திலும் மார்க்கம் என்று நாம் சொல்லவில்லை. மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சமாதானம் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். உணவைக் குறை கூறாத அதே நபியவர்கள்தாம் குவியலின் அடியில் கையை விட்டுப் பார்த்தவர்கள். புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எண்ணிக் கூறும்போது, மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நேற்றைய கறியை இன்று சூடாக்கி இன்றையதென விற்பவர், கறுத்துப்போன எண்ணெயிலேயே மீண்டும் மீண்டும் பொரிப்பவர், அறுத்தவர் யாரென்று தெரியாத கோழிக்கு ஹலால் பலகை மாட்டுபவர் ஆகியோரைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். முதலில் அவரிடம். திருந்தாவிட்டால் ஜமாஅத்தில் பொறுப்பானவர்களிடம். பிறர் உடல்நலத்துக்குக் கேடு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் எழுத்தில் புகார். இவற்றையெல்லாம் தாண்டிக் கைப்பேசியைத் தூக்குவது கடைசி வழி. நம்மில் பலருக்கு அதுவே முதல் வழியாக இருக்கிறது. உப்புக் கூடியதும் கறி கெட்டதும் நம் வாயில் ஒரே தொனியில் வெளிவருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒற்றை நட்சத்திரம்தான்.

குறை கூறுவோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். புகழ்வோர் கதை இதைவிட மோசம். இலவசமாக உண்டு, கூடவே கவரும் வாங்கிக்கொண்டு, தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு பிரியாணி இல்லை என்று சாட்சி சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். சாட்சி என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறோம். வாங்கும் எண்ணம் இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடுபவரின் செயலுக்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். கூலிக்குப் புகழ்வது அதன் உடன்பிறப்பு என்றே நாம் கருதுகிறோம். பணமோ இலவசப் பொருளோ பெற்றுச் செய்யும் பதிவில் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் விதி வகுத்தது. உலகக் காரியத்துக்காக வகுத்த விதி. நாமோ மறுமையை நம்புகிறவர்கள். வாங்கியதைச் சொல்லிவிட்டுப் புகழ்வதில் என்ன சிரமம்?

கூலி இல்லாத புகழ்ச்சியோ அழகானது. வீட்டில் குழம்புக்குப் பதிலாகக் காடிதான் இருக்கிறது என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதையே கேட்டு வாங்கி, எவ்வளவு நல்ல தொடுகறி என்று திரும்பத் திரும்பப் பாராட்டிக்கொண்டே உண்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நம் வீடுகளில் தாய்மார்களும் மனைவியரும் நாள்தோறும் மூன்று வேளை சமைக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம்?

இனி, பொட்டலத்தில் வருபவை. இங்கே நம் கருத்து சற்று வேறு. கடையில் சமைப்பவருக்கு உள்ளம் இருக்கிறது, உடையும். ஆலையில் அச்சிட்ட உறைக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே நாம் இன்னும் கடுமையாகப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் நடப்பதோ தலைகீழ். தள்ளுவண்டிக்காரரிடம் கடுமை காட்டும் நம் இளைஞர்கள், டப்பா பானத்தைப் பற்றிப் பேசும்போது சூப்பர் என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள்.

தேர்வுக் காலத்தில் விழித்திருப்பதற்காகச் சில மாணவர்கள் எனர்ஜி ட்ரிங்க் வாங்கி வருவதைப் பார்த்து, ஒரு டப்பாவை வாங்கி அனைவர் முன்னும் வாசிக்கச் சொன்னோம். 250 மில்லியில் ஏறத்தாழ 27 கிராம் சர்க்கரை. ஐந்து தேக்கரண்டிக்கும் மேல். கஃபீன் 75 மில்லிகிராம் அளவில். குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதன்று என்ற எச்சரிக்கை, கண்ணை இடுக்கினால்தான் தெரியும் எழுத்தில். வாசித்த மாணவனுக்கு வயது பதின்மூன்று. மாம்பழப் படம் போட்ட பானமும் இப்படித்தான். பருகத் தயாரான பழபானம் என்றால் பெரும்பாலான பழங்களுக்குப் பத்து விழுக்காடு சாறு இருந்தாலே சட்டப்படி போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். ருசியாக இல்லை என்று நாம் சொல்லவில்லை. குளிர்ந்திருந்தால் நன்றாகவே இருக்கிறது. மாம்பழம் என்று நம்பிக் குடிக்காதீர்கள் என்கிறோம். நன்னாரி சர்பத்தும் சர்க்கரைதான். நோன்பு திறக்கும் நேரத்தில் அதைப் பற்றி மட்டும் நம்மால் நடுநிலையாக எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் உள்ள மிட்டாய், பிஸ்கட் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கிலிருந்து பெற்ற கொழுப்போ ஜெலட்டினோ அதில் இல்லை என்று பொருள். வெளிநாட்டுப் பொருளில் அந்தக் குறி இருக்காது. அங்கே பொருட்பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். 471 என்ற எண் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். எண்ணைப் பார்த்தவுடன் ஹராம் என்று தீர்ப்புச் சொல்லி நூறு பேருக்கு அனுப்புவதும் கூடாது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் கற்பிப்பது இதற்கும் பொருந்தும்.

பாதி வெந்த பரோட்டாப் பொட்டலம் ஒன்றையும் வீட்டில் வாங்கிப் பார்த்தோம். அவசரத்துக்கு ஆகும். கல்லில் போட்டால் மேலே மொறுமொறுப்பாக வருகிறது, உள்ளே அடுக்குப் பிரிவதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. நமக்குப் பழக்கம் இல்லாததால் ஒவ்வவில்லை.

அந்த வியாழக்கிழமைக்குப் பின் மூத்த வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். அந்த வாரம் உண்ட ஏதேனும் ஓர் உணவைப் பற்றி நான்கு வரிகள் எழுத வேண்டும். கண்டதை மட்டும் எழுத வேண்டும். சமைத்தவர் முன்னிலையில் உரக்க வாசிக்கத் தயங்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. பெரும்பாலோர் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தனர். ஒரு மாணவன் மட்டும் விரைவாக எழுதி நீட்டினான். திங்கட்கிழமை மதரஸாச் சாம்பாரில் உப்பே இல்லை என்று இருந்தது. நவவீ இமாமின் பட்டியலை இதற்குள் மறந்துவிட்டாயா என்று கேட்டோம்.

"சமையல்கார பாய்கிட்ட அன்னைக்கே தனியாப் போய்ச் சொல்லிட்டேன் ஹஜ்ரத். செவ்வாய்க்கிழமை சரியா இருந்துச்சு. அதுவும் எழுதியிருக்கேன், கீழே பாருங்க" என்றான்.

பார்த்தோம். நான்காவது வரியில் இருந்தது.