காதுவலி இல்லை, தாடைவலி! கஞ்சி மட்டும் குடித்த அம்மா மறுபடி சாப்பாட்டுக்கு வந்த கதை

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் எங்கள் வீட்டு முறுக்கு டப்பா காலியாகவில்லை. முறுக்கு என்றால் அம்மாவுக்கு உயிர். "ஏம்மா, நீ சாப்பிடலையா?" என்றேன். "காது வலிக்குதுடி, மெல்ல முடியல" என்றார் சாதாரணமாக. அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குச் சூடாகச் சப்பாத்தி போட்டுவிட்டு, அவர் மட்டும் பல நாள்களாக அடுப்படியில் நின்றபடியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ரவிக்கைகூடத் தொளதொளவென்று ஆகியிருந்தது.

காதைப் பரிசோதித்த மருத்துவர், "காதுல ஒண்ணுமில்ல" என்று பல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் காதுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். 'டக்' என்று ஒரு சத்தம். பிரச்னை தாடை மூட்டில்!

காது ஏன் வலிக்கிறது?

கீழ்த்தாடை மண்டை ஓட்டோடு சேரும் மூட்டு, காதுக்கு முன்னால்தான் இருக்கிறது. அதனால் அங்கே வலித்தால் காதுவலி போலவே தோன்றும். தூக்கத்தில் பல்லை நறநறப்பது, டென்ஷனில் பல்லை இறுகக் கடித்தபடி இருப்பது, அடிபடுவது, மூட்டுவாதம் எனக் காரணங்கள் பல. வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. வலி இருந்தால், மூட்டுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும். ஓய்வு தாடைக்குத்தான், வயிற்றுக்கு அல்ல. அம்மா தப்பு செய்தது இங்கேதான்.

மெத்தென்று, ஆனால் சத்தாக!

கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் போதாது. புரதம் வேண்டும். குழைந்த பொங்கல், சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், பருப்பு மசியல், கீரைக் கடைசல், தயிர் சாதம், முட்டைப் பொடிமாஸ், முள் எடுத்த குழம்பு மீன் என்று எங்கள் மெனு மாறியது. கறி சமைத்தால், அம்மாவுக்குக் கொத்துக்கறியாக வேகவைத்தோம். சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டுப் பருப்பில் ஊறவிட்டோம். கொய்யாவுக்குப் பதில் பப்பாளி, வாழைப்பழம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். அவர் தட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குழைந்திருக்கும்.

பரோட்டா, கரும்பு, கடலை மிட்டாய், சீடை, சூயிங்கம் எல்லாவற்றுக்கும் தற்காலிகத் தடை. வலி குறையக் குறைய, பழைய உணவுக்குப் படிப்படியாகத் திரும்பலாம்.

சாப்பிடும் முறையும் முக்கியம்

கவளம் சின்னதாக இருக்கட்டும். முன்பல்லால் கடித்து இழுக்க வேண்டாம். ஒரே பக்கமாக மெல்லாமல், முடிந்தவரை இரண்டு பக்கமும் மெல்லுங்கள். சாப்பிடுவதற்கு முன், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சூடு தாங்கும் அளவுக்குப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். கொட்டாவி வந்தால், தாடைக்குக் கீழே கையை முட்டுக்கொடுங்கள். சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. டி.வி சீரியலில் வில்லி வரும்போதெல்லாம் அம்மா பல்லைக் கடிப்பதை இப்போது அப்பா கண்காணிக்கிறார்!

உடனே மருத்துவரைப் பாருங்கள்

வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோ வீக்கமோ இருந்தாலோ தாமதிக்காதீர்கள். மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். பாக்கு, குட்கா போடுபவருக்கு வாய் எரிச்சலும் இறுக்கமும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். 50 வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிதாகத் தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால், மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு வலி நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நாங்கள் முடித்த பிறகும் அவர் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். யாரும் எழுந்து போவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது 'பசிக்கலை' என்று தினமும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார்களா? இன்றைக்கு ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.