போட்டோ இருக்கிற தாத்தாவும் போட்டோ இல்லாத தாத்தாவும்

எங்க ராமநாதபுரம் ஜில்லாக்காரன் எவன்கிட்டயாவது ரெண்டாம் உலகப்போர் பத்திப் பேச்செடுத்துப் பாருங்க. "எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தாருல்ல"ன்னு ஆரம்பிச்சுடுவான். கொஞ்சம் விட்டா தாத்தா மெய்க்காப்பாளர் ஆயிடுவாரு. இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தா, நேதாஜியோட கடைசி விமானத்துல ஏற வேண்டியவர், சீட்டு இல்லாம தப்பிச்சார்னு வரும் :-) நக்கல் பண்றேன்னு நினைக்காதீங்க மக்களே, எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் உண்டு. ஆனா இந்தப் பதிவு அவரோட அண்ணனைப் பத்தி.

மேட்டர் இதான். எங்க அப்பத்தாவுக்கு 90 வயசு நெருங்குது. தங்கச்சிமடத்துல ஒரு விழா எடுத்து, கூடவே குடும்பக் கதையை ஒரு சின்னப் புத்தகமாப் போடலாம்னு சொந்தக்காரங்க முடிவு பண்ணியிருக்காங்க. குடும்பத்துல பொட்டி தட்டுறவன் நான்தாங்கிறதால டைப் அடிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. (ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தாதுன்னு இது வேற.) எல்லாம் நல்லாத்தான் போச்சு, உலகப்போர் பக்கம் வர்ற வரைக்கும்.

1937 வாக்குல அண்ணன் தம்பி ரெண்டு பேர் எங்க ஊர்ல இருந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறினாங்க. தம்பி, அப்பத்தாவோட அப்பா. அப்ப அப்பத்தா கைக்குழந்தை. தம்பிக்கு நாலு எழுத்து தெரியும்கிறதால பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதப் போனாரு. அண்ணனுக்கு எழுத்து வராது, ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போயிட்டாரு. 1941 டிசம்பர் 8-ல ஜப்பான்காரன் கோத்தாபாருவுல இறங்கினான், 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துச்சு. அதோட ரெண்டு பேர் கடுதாசியும் நின்னு போச்சு.

1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் தம்பி இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்துட்டாரு. போர் முடிஞ்சு முகாம்ல அடைச்சு வச்சு, 1946-ல ஊருக்கு அனுப்புனாங்க. அவரோட காக்கிச் சட்டை போட்டோதான் எங்க வீட்டு முன்கட்டுல தொங்குது. ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுத் துண்டு போட்டிருக்காங்க.

அண்ணனைக் கூட்டிட்டுப் போனது சயாம் - பர்மா ரயில் பாதைக்கு. தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குக் காட்டுக்குள்ள 415 கிலோமீட்டர், 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. மலேயாத் தோட்டங்கள்ல இருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல போனாங்க, அதுல பெரும்பாலும் தமிழ் ஆளுங்க. சம்பளம், சாப்பாடுன்னு முதல்ல ஆசை காட்டினான். ஆள் வரலைன்னதும் புடிச்சுக்கிட்டுப் போனான். ஓசியில படம் காட்டுறோம்னு கூப்பிட்டு, கதவைச் சாத்தி அப்படியே வண்டியில ஏத்தின கதையெல்லாம் மலேசியாவுல பதிவாகியிருக்கு. எங்க பெரியவர் எப்படிப் போனாருன்னு அவர் சொன்னதே இல்லையாம். 1947-ல எலும்பும் தோலுமா வந்து நின்னாரு.

இப்ப பஞ்சாயத்து என்னன்னா, எங்க பெரியப்பா சொல்றாரு, "தம்பி, அவரு பட்டாளத்துல இருந்தவரு, எழுது. இவரு கூலிக்குப் போனவரு, இதை எதுக்கு எழுதிக்கிட்டு? உலகப்போர்னா சண்டை போட்டவன் கதைதானப்பா."

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பெரியப்பா மேல கோவமும் இல்ல, ஏன்னா உலகமே அவரை மாதிரிதான் யோசிச்சிருக்கு. அந்த ரயில் பாதையில செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிங்க 12,000-க்கு மேல. அவங்கள்ல கிட்டத்தட்ட 7,000 பேருக்கு தாய்லாந்துல காஞ்சனபுரியில கல்லறைத் தோட்டம் இருக்கு, புல்லு வெட்டி, கல்லு நட்டு, அவ்வளவு சுத்தமா. அதே பாதையில செத்த ஆசியக் கூலிகள் 80,000-ல இருந்து ஒரு லட்சம் வரைக்கும்னு மதிப்பிடுறாங்க. அவங்களுக்கு ஆளுக்கொரு கல்லு கிடையாது. காலரா வந்தப்ப மொத்தமாப் போட்டு எரிச்சதும் புதைச்சதும்தான். கைதிகளுக்காவது அவங்க அதிகாரிங்க கணக்கு வச்சிருந்தாங்க, டாக்டருங்க கூட இருந்தாங்க. நம்ம ஆளுக்கு யார் இருந்தா?

1957-ல 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'னு படம் எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கினாங்க. அதுலயும் கதை வெள்ளைக்காரக் கைதிகளோட கதைதான். அந்தப் பாலத்தை செட் போட்டது எங்கேன்னு நினைக்கிறீங்க? தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில, இலங்கையில!

தம்பி தரப்பையும் சொல்லணும். இந்திய தேசிய ராணுவத்துக்காரங்களையும் ஒண்ணும் சும்மா தூக்கி வச்சுக் கொண்டாடல. 1945-ல சிங்கப்பூர் கடற்கரையில அவங்க கட்டின நினைவுச்சின்னத்தை அதே வருஷம் பிரிட்டிஷ்காரன் வெடி வச்சுத் தகர்த்தான். 1972-ல மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டு வந்தப்பவும் சிறையில இருந்ததுக்குச் சான்று, இல்லைன்னா கூட இருந்தவரோட சான்றுன்னு அலைய விட்டாங்க. எங்க சின்னவருக்கு அலைஞ்சு திரிஞ்சு கிடைச்சது. பெரியவர் எந்த ஆபீஸ்ல போய் எந்த பாரத்தை நீட்டுவாரு?

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுல யாரும் வாய் விட்டுப் பேசாதது அதுதான்னு எனக்குத் தோணுது. தம்பி சேர்ந்த படைக்குத் தோள் கொடுத்தது ஜப்பான். அண்ணனை ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போனதும் அதே ஜப்பான். ஒரே முன்கட்டுல இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல மாட்ட முடியல, அதான் ஒண்ணைக் கழட்டி வச்சுட்டாங்க. இதுல சின்னவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. படையில சேர்ந்தா ரயில் பாதைக்குப் போக வேண்டாம்னு சேர்ந்தவங்களும் உண்டு. அவருக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தா அதையும் எழுதலாமே, தப்பென்ன? மெய்க்காப்பாளர் கதையை விட அது எனக்குப் பெருசாத் தெரியுது.

பெரியவர் விட்டுட்டுப் போனது ஒண்ணே ஒண்ணு. ஊருக்கு வந்தப்புறம் மல்லிகை நாத்துப் போட்டு வித்தாரு (தங்கச்சிமடம் மல்லிகை நாத்து வெளியூருக்கெல்லாம் போகும், தெரியும்ல?). நாத்துக் கட்டு எண்ணும்போது "இச்சி, நி, சான், சி, கோ"ன்னுதான் எண்ணுவாராம். காலையில ஜப்பான்காரன் வரிசையில நிக்க வச்சு எண்ண விட்டுப் பழக்கின எண்ணிக்கை. தப்பா சொன்னா அடி. ஊர்ப் பிள்ளைங்களுக்கு அது விளையாட்டு, "இச்சி நி தாத்தா"ன்னே பேரு வச்சுட்டாங்க. அப்பத்தா இன்னைக்கும் பூ எண்ணும்போது அஞ்சு வரைக்கும் அப்படித்தான் எண்ணும். நானும் சின்ன வயசுல அப்படித்தான் கத்துக்கிட்டேன், ஜப்பான் மொழின்னே தெரியாது.

போர்னா துப்பாக்கி புடிச்சவன் மட்டும்தான்னா, நம்ம கலாம் ஐயாவோட போர்க்கால ஞாபகமும் செல்லாது. போர்ச் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காதுன்னு ஆனப்ப, ஓடுற ரயில்ல இருந்து தூக்கிப் போட்ட பேப்பர் கட்டை எடுத்துக் கொடுத்ததுதான் அவரோட முதல் சம்பாத்தியம். 'அக்னிச் சிறகுகள்'ல அவரே எழுதியிருக்காரு. யாரும் அதைப் போர்க்கதை இல்லைன்னு சொல்லலையே.

சென்னையில மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டுல நந்தம்பாக்கத்துல ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. போரூர் பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஐடி மக்கள்ல பல பேர் கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டே அதைத் தாண்டித்தான் போறோம். உங்க தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்துல செத்திருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துல பேரைப் போட்டுத் தேடலாம், பல பேருக்கு அப்பா பேரு, ஊர்ப் பேரு வரைக்கும் இருக்கும். கூலியாப் போனவருக்கு அப்படித் தேட இடமில்ல. வீட்டுல இருக்கிற கிழவிதான் ஒரே ஆவணம். அதையும் நாம "பட்டாளமா, கூலியா"ன்னு பிரிச்சுப் பார்த்து ஒதுக்கினா எப்படி?

கேக்கப் போறீங்கன்னா "தாத்தா என்ன வீரம் பண்ணாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க, மெய்க்காப்பாளர் கதைதான் வரும். எந்த வருஷம் கடுதாசி நின்னுச்சு, அந்த நாலஞ்சு வருஷம் வீட்டுல என்ன சாப்பிட்டீங்க, திரும்பி வந்தப்ப முதல்ல என்ன பேசினாருன்னு கேளுங்க. எங்க அப்பத்தாகிட்ட நான் இப்படிக் கேட்டதுலதான் மேல சொன்னது பாதி வந்துச்சு.

பெரியப்பா இன்னும் முழுசா ஒத்துக்கல. அப்பத்தாகிட்ட போன்ல விஷயத்தைச் சொன்னேன். "எங்க பெரியப்பன் பேரு இல்லாத புத்தகம் எனக்கு எதுக்குடா"ன்னு வச்சிருச்சு. அதனால ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு பக்கம். பெரியவருக்குப் போட்டோ இல்ல. நெட்ல இருந்து கைதிங்க படம் ஒண்ணை எடுத்துப் போட்டுடலாம்னு தம்பி ஒருத்தன் சொன்னான், வேண்டாம்னுட்டேன். அந்த இடத்துல எண்ணிக்கை அஞ்சையும் பெரிய எழுத்துல போடப் போறேன். உங்க வீட்டுல இப்படி முன்கட்டுல இல்லாத தாத்தா யாராவது இருந்தா எழுதுங்க மக்களே, படிக்கக் காத்திருக்கேன்.