அவர்களுக்கு மனோதர்மம், எங்களுக்குக் கொட்டா?

"இசைக்கு ஏது தோழர் சாதி?" என்று கேட்டார் நண்பர்.

சென்னையில் கணினி வேலை பார்க்கிறவர். நல்ல மனுசன். நம் கூட்டங்களுக்கு முகம் சுளிக்காமல் நன்கொடை தருகிறவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மண்டையோட்டுப் படம் தொங்குகிறது, மண்டைக்குள்ளே மின்னல் வெட்டு. கிரேட்ஃபுல் டெட் என்கிற அமெரிக்க ராக் குழுவின் சின்னம் அது. 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, கிடார் வாசித்த ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் சாகிறவரை முப்பது வருசம் ஊர் ஊராகப் போய் வாசித்த கூட்டம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நேற்று வாசித்தது மாதிரி இன்றைக்கு வாசிக்க மாட்டார்கள். ஒரு பாட்டை எடுப்பார்கள், பாதியில் அதைக் கழற்றிப் போடுவார்கள், ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதால் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போவார்கள். மனசிருந்தால் திரும்பி வருவார்கள். இப்படி வாசிக்கிற குழுக்களுக்கு ஜாம் பேண்ட் என்று பெயர்.

நண்பர் 'டார்க் ஸ்டார்' பாட்டைப் போட்டார். 1969இல் 'லைவ்/டெட்' தட்டில் வந்தது. 23 நிமிடம். நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்தது.

முடிந்ததும் அவர் சொன்னார்: "பாத்தீங்களா, அப்படியே நம்ம மனோதர்மம். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் இதுல இருக்கு. போதையும் தியானமுமா உக்காந்து அவங்களா கண்டுபிடிச்சிருக்காங்க." அதற்குப் பிறகுதான் அந்த 'இசைக்கு ஏது சாதி'. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பதில் இதுதான்.

அவங்களா கண்டுபிடிக்கவில்லை அய்யா.

1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு அணிவகுத்தார்கள். அந்தக் கலகத்தை ரத்தத்தில் முக்கி அடக்கிய ஆண்டைகள், அடுத்த வருசமே, 1740இல், ஒரு சட்டம் போட்டார்கள். அடிமை மேளம் வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. மேளம் பேசும் என்பது ஆண்டைக்குத் தெரிந்திருக்கிறது. அதே சட்டம் அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் குற்றம் என்றது. மேளமும் கிடையாது, எழுத்தும் கிடையாது. நம் ஊரில் எழுத்து விசயத்தில் கதை ஒன்றேதான். மேள விசயத்தில் மட்டும் தலைகீழ். அங்கே மேளத்தைப் பிடுங்கினான், இங்கே மேளத்தைத் தோளில் மாட்டிவிட்டான். ரெண்டும் ஒரே கை.

பிடுங்கினால் சும்மா இருந்தார்களா? கை தட்டினார்கள், தொடையில் அடித்தார்கள், காலால் தரையை உதைத்தார்கள். வயலில் ஒருத்தர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்தார்கள். அந்தக் குரலும் எதிர்க்குரலும் அடிமைமுறை ஒழிந்த பிறகு ப்ளூஸ் ஆனது. ப்ளூஸ் பாட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள். முதல் அடியைப் பாடுவார்கள். அதையே இன்னொரு தடவை பாடுவார்கள். வெறும் திருப்பிப் பாடல் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அடியை மனசுக்குள் கட்டி முடித்துவிட வேண்டும். அடிக்கும் அடிக்கும் நடுவில் கிடார் பதில் சொல்லும். எழுதிவைக்காமல், அந்த நிமிசத்தில், எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்துக் கட்டுகிற வித்தை. எழுத்து மறுக்கப்பட்ட சனங்கள் வேறு எப்படிக் கட்டுவார்கள்?

ஜாஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. 1959 ஆகஸ்ட் 17 அன்று மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியானது. ஓயாமல் மாறிக்கொண்டிருந்த சுரக்கூட்டுகளைக் குறைத்து, ஒன்றிரண்டு சுரவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே நின்று நிதானமாகக் கட்டலாம் என்று காட்டிய தட்டு. 'டார்க் ஸ்டா'ரின் 23 நிமிடத்துக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்றால் இங்கிருந்துதான். ஜான் கோல்ட்ரேன் 1961இல் 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற சினிமாப் பாட்டை எடுத்து 13 நிமிடத்துக்கு மேல் நீட்டி வாசித்தார். (சினிமாவுக்கு முன் அது நாடகப் பாட்டு, இருக்கட்டும்.) டெட் குழுவின் பாப் வெயர், தன் கிடாருக்குக் கோல்ட்ரேனின் பியானோக்காரர் மக்கோய் டைனரின் இடதுகையிலிருந்து கற்றேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வாசித்தவர்கள் மறைக்கவில்லை. ரசிகர்களுக்குத்தான் காது அடைத்துக்கொள்கிறது.

அந்தத் தட்டு வெளியான எட்டாம் நாள் என்ன நடந்தது தெரியுமா? ஆகஸ்ட் 25. நியூயார்க்கில் பேர்ட்லேண்ட் என்ற அரங்கின் வாசலில் மைல்ஸ் டேவிஸ் காற்றாட நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே விளக்குப் பலகையில் அவர் பெயர். நகர்ந்து போ என்றான் போலீஸ்காரன். இங்கேதான் நான் வாசிக்கிறேன் என்றார் அவர். மண்டை உடைந்தது. சட்டையெல்லாம் ரத்தம். தன் பெயர்ப் பலகைக்குக் கீழே நிற்கிற உரிமைகூட இல்லாத ஆளிடமிருந்து வந்ததுதான் நண்பரே, உங்கள் தியானம்.

இன்னொன்று. 1970 ஏப்ரல் 9 முதல் 12 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் நான்கு ராத்திரி கச்சேரி. முக்கியக் குழு கிரேட்ஃபுல் டெட். அவர்கள் மேடைக்கு வருவதற்கு முன்னால் வாசித்தவர் யார்? மைல்ஸ் டேவிஸ். குரு முதலில் வாசித்து இடத்தைச் சூடாக்கிக் கொடுக்கிறார், சீடர்கள் கடைசியில் வந்து கச்சேரி செய்கிறார்கள். டெட் குழுவின் ஃபில் லெஷ் தன் வாழ்க்கைக் கதையில், மைல்ஸ் வாசித்ததைக் கேட்டுவிட்டு இதற்குமேல் நாங்கள் எப்படி வாசிப்பது என்று நொந்துபோனதை எழுதியிருக்கிறார். அந்த யோக்கியதைக்கு ஒரு வணக்கம். ஆனால் மேடை வரிசை அப்படியேதான் இருந்தது. சாவு ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் மேளக்காரன், பந்தியில் கடைசியாக உட்காருகிறவனும் அவன்தான் என்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வரிசையைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை.

பெயர் போனால் காசும் போகும். வில்லி டிக்சன் எழுதி மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டு ஒன்று. 1969இல் லெட் செப்பலின் என்ற இங்கிலாந்துக் குழு 'ஹோல் லாட்டா லவ்' பாட்டை வெளியிட்டது, தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு. உலகம் முழுக்க விற்றது. டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் பேசினார்கள். பதினெட்டு வருசம் ஆனது ஒரு கறுப்பர் தன் பாட்டுக்குத் தானும் அப்பன் என்று ஒப்புக்கொள்ள வைக்க. எலிசபெத் காட்டனின் கதை எனக்கு இதைவிட நெருக்கம். வட கரோலினாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கிடார் வாங்கினார். இடதுகைப் பழக்கம். கிடாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானே ஒரு முறையை உண்டாக்கினார். சிறுமியாக இருக்கும்போதே 'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்டைக் கட்டினார். பிறகு பல வருசம் கிடாரைத் தொடவில்லை. வயசான காலத்தில் வேலைக்கு இருந்த வீட்டுக்காரர்கள் பாட்டு சேகரிக்கிறவர்களாக இருந்ததால் வெளியே தெரிந்தார். 1950களில் அந்தப் பாட்டு இங்கிலாந்துக்குப் போனபோது வேறு ரெண்டு பேர் பெயர் அதில் ஏறியிருந்தது. வேலைக்காரம்மா பாடினால் காற்றில் கிடந்த பாட்டு, துரை பாடினால் சொத்து! கார்சியா இந்த அம்மாவின் இன்னொரு பாட்டை விரும்பிப் பாடினார், 1981இல் வந்த 'ரெக்கனிங்' தட்டில் இருக்கிறது. நண்பரிடம் அந்தத் தட்டு இருக்கிறது. எலிசபெத் காட்டன் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

ஜாம் பேண்ட் ரசிகர்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர்களிடம் நான் மெச்சுகிற குணமும் உண்டு. டெட்ஹெட் என்று சொல்லிக்கொள்கிற அவர்கள் கச்சேரிகளைத் தாங்களே பதிவுசெய்து, கேசட்டுக்குக் கேசட் என்று காசு வாங்காமல் மாற்றிக்கொண்டார்கள். குழுவும் தடுக்கவில்லை, 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. இசைச் சந்தைக்கு நடுவில் இது சின்ன விசயம் இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் பழைய வேனில் ஏறி ஊர் ஊராகக் குழுவின் பின்னால் போவது இருக்கிறதே, அந்த நாடோடித்தனம் யாருக்கு வாய்க்கும்? 1936 முதல் 1960களின் நடுப்பகுதி வரை கறுப்பர்கள் வெளியூர் போக ஒரு கையேடு வைத்திருந்தார்கள், கிரீன் புக் என்று. எந்த ஊரில் தங்க இடம் கொடுப்பான், எங்கே சோறு போடுவான் என்று தெரிந்துகொள்ள. வெள்ளைப் பையன் ரோட்டில் நின்றால் சுதந்திர மனிதன், கறுப்புப் பையன் நின்றால் சந்தேகக் கேஸ்.

ராக் ரசிகத்தனத்தின் விகாரமான முகம் 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் தெரிந்தது. ராக் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் ஏற்பாடு. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றும் 98 சென்டும் கொண்டுவந்தால் பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம். தட்டுகளை மைதான நடுவில் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது, இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கொண்டுவந்து போட்ட தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பர் பாட்டுகளும் இருந்தன என்று அங்கே வேலை பார்த்த கறுப்பு இளைஞர் பின்னால் சொன்னார். டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பர்கள், லத்தீனோக்கள், ஒருபால் விருப்பமுள்ளவர்கள். எதன் மீது வெடிவைத்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டாம். கறுப்பன் கொடுத்த ப்ளூஸை வைத்துக்கொண்டு, கறுப்பன் ஆடுகிற பாட்டைக் கொளுத்தினார்கள். இதற்கு மூன்று வருசம் முன்னால், 1976 ஆகஸ்டில், பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்த எரிக் க்ளாப்டன், பர்மிங்காம் மேடையில் நின்று குடியேறிய கறுப்பர்களை விரட்டச் சொல்லிப் பேசினார். பல வருசம் கழித்து வெட்கப்படுவதாகச் சொன்னார். வெட்கம் நல்லதுதான். அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் தோழர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, 'அப்புறம் எதுக்குத் தோழர் இந்த வெள்ளைக்காரக் கஞ்சாப் பாட்டு நமக்கு?' என்று கேட்பார்கள். அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1966இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சி தோன்றியது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். அந்தக் கருஞ்சிறுத்தைகளுக்காக 1971 மார்ச் 5 அன்று அதே ஓக்லாந்தில் மேடையேறி வாசித்தது இதே கிரேட்ஃபுல் டெட்தான். நம் சபா வித்வான்களில் யார் நமக்காக அப்படி வந்து உட்கார்ந்தார்கள்? மிருதங்கத்துக்குத் தோல் இழுத்துக் கட்டுகிற கை யாருடையது என்று கேட்டாலே பேச்சை மாற்றுகிறார்கள். இசையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை நான். பெயரைத் திருப்பிக் கொடு, வரிசையை மாற்று என்கிறேன்.

நண்பரின் மனோதர்மத்துக்கு வருகிறேன். 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் தொடங்கி விடிகிறவரை, ஃபிஷ் என்ற ஜாம் பேண்ட், ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடிகளின் நிலத்தில் ஏழரை மணிநேரம் இறங்காமல் வாசித்தது. எண்பதாயிரம் பேர் வரை கூடிய கூட்டம். ரசிகர்கள் இன்றைக்கும் அதைப் புராணம் மாதிரி சொல்கிறார்கள். என் பெரியப்பா ஒரு சாவுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி எடுத்தால் மறுநாள் பிணம் தூக்குகிறவரை அடிப்பார். நாலு பேர். எழுதிவைத்த அடி ஒன்றும் கிடையாது. ஒருவர் அடியை மாற்ற, மற்றவர்கள் பிடிக்க, ஒப்பாரி உயர்ந்தால் உயர்ந்து, மாலையோடு சம்பந்தி வீட்டார் வந்தால் அதற்கொரு அடி எடுத்து. இதை எந்தச் சபாவும் மனோதர்மம் என்று சொல்லவில்லை. சாவுக்கொட்டு என்றது. கூலியாகக் கொடுத்த பணத்தைத் தரையில் போட்டது. அதனால்தான் எங்கள் ஊரில் இளைஞர்கள் ஒன்றுகூடி, ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று சொன்னபோது நானும் அவர்களோடு நின்றேன். பெரியப்பா குச்சியைப் பரணில் போட்டார். வருத்தமா என்று கேட்டேன். "வருத்தம் அடிக்காததுக்கு இல்லடா, அடிச்சதுக்கு" என்றார். இப்போது சேரிக்குள் அடிக்கிறார், நம் மாநாட்டு மேடையில் அடிக்கிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'ஃபில்மோர் ஈஸ்ட்' கச்சேரியைச் செல்பேசியில் போட்டுக் காட்டினேன். 1971 மார்ச்சில் பதிவானது. முதல் பாட்டு ஜார்ஜியாவின் கண்தெரியாத ப்ளூஸ் பாடகர் வில்லி மெக்டெல் 1928இல் பாடியது. கடைசிப் பாட்டு 'விப்பிங் போஸ்ட்', 23 நிமிடத்துக்குப் போகும். கசையடிக் கம்பம் என்று அர்த்தம் என்றேன். பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அஞ்சு நிமிசம் போயிருக்கும்.

"ரெண்டு பேரு அடிக்கிறான்டா."

ஆமாம், ரெண்டு ட்ரம்ஸ்காரர்கள்.

"ஒருத்தன் கட்டிக்கினே போறான். இன்னொருத்தன் அவுத்துவுட்டுக்கினே வரான். அவுக்கிறவன் நம்மாளு மாதிரி இருக்கான்."

ஜெய்மோ. மிசிசிப்பியில் பிறந்த கறுப்பர். ஓடிஸ் ரெட்டிங்குக்கு வாசித்துவிட்டு இந்தக் குழுவுக்கு வந்தவர். மைல்ஸையும் கோல்ட்ரேனையும் கிடார்க்காரர் டுவான் ஆல்மனின் காதில் போட்டவர். சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டினார். இத்தனை வருசமாக இந்தத் தட்டைக் கேட்கிற நண்பர் அவர் பெயரை ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

பாட்டு முடிந்தது. பெரியம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டார். பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

"அந்த அவுக்கிற எடம் இருக்குதே, அத்த மறுபடி போடு" என்றார். போட்டேன்.