இரண்டு ரயர் வாங்கத்தான் காசிருக்கிறதா?



வெளிக்கள வேலைக்குப் போகும் ஊர்களில், ஒரு பழைய காரை நம்பி அடுப்பெரியும் வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் அது கணவர் விட்டுச் சென்ற கார். சில வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ தம்பியோ காசனுப்பி வாங்கித் தந்தது. கார் பெண்ணின் பெயரில் இருக்கும். ஓட்டுபவர் ஊர்ச் சாரதி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் கிளினிக் போகும் வயதானவர்கள், முகூர்த்த நாளில் கலியாண வீடு என்று ஹயர் ஓடும். வரும் காசில் சாரதியின் பங்கு, பெற்றோல், திருத்தவேலை எல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுச் செலவுக்கு.

இந்தக் கார்களில் பல பின்சில்லால் ஓடுபவை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் அந்த வகை. 1980களின் முற்பகுதியில் வந்த ரொயோட்டா கொறோலா டி.எக்ஸ். வாகனும் அந்த வகையே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. பிறகு பழைய காரை விற்றுப் புதிது வாங்கும் எண்ணமே பலருக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே இருக்கும் காரைக் காப்பாற்ற வேண்டும். அதில் அடிக்கடி பெரிய தொகை கேட்பது ரயர்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சகோதரி. 2009இல் காணாமற்போன கணவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். அவருடைய கொறோலாவில் தினமும் ஆறு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு மாரிகால காலையில், வளைவொன்றில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று வயல் வரம்பில் போய் நின்றது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. சாரதி “மழைதான் அக்கா” என்று சொன்னார். பின்ரயர்கள் இரண்டும் தேங்காய்ச் சிரட்டை போல வழுவழுப்பாக இருந்தன. சீட்டு எடுத்த காசு இரண்டு ரயருக்குத்தான் போதும். “புதுசை முன்னுக்குப் போடுவம், முன்ரயர் இரண்டையும் பின்னுக்கு மாத்துவம், ஸ்ரியரிங் முன்னுக்குத்தானே” என்றார் சாரதி. கடைக்காரரும் அதையே சொன்னார். “நீங்கள் என்ன சொல்லுறியள் தங்கச்சி?” என்று அந்த அக்கா என்னைக் கேட்டார்.

நான் படித்தது சமூகவியல். கராஜ் வேலை அல்ல. ஆகவே இலங்கைப் போக்குவரத்துச் சபையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அன்று கொப்பியில் எழுதியவற்றையும் பின்னர் தேடிப் படித்தவற்றையும் உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று அறியுங்கள். காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். எஞ்சின் முன்னால் இருக்க, அங்கிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு பின்னோக்கிப் போய், பின்சில்லுகளுக்கு நடுவே பூசணிக்காய் போல உருண்டிருக்கும் பெட்டியில் சேர்ந்தால், அது பின்சில்லு தள்ளும் கார். அந்தப் பெட்டிதான் டிஃபரன்சல். இவ்வகைக் காரில் முன்சில்லு திருப்பும் வேலையையும் பின்சில்லு தள்ளும் வேலையையும் செய்கின்றன. அதனால்தான் பின்ரயர் பெரும்பாலும் விரைவாகத் தேய்கிறது.

இரண்டு ரயர் மட்டும் வாங்கினால் அவை பின்னுக்கே போக வேண்டும். காரணம் இதுதான். ஈர றோட்டில் முன்ரயர் வழுக்கினால், கார் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். சாரதிக்கு அது கையில் தெரியும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பி வர இடமுண்டு. பின்ரயர் வழுக்கினால் காரின் வால் சுழன்றுவிடும். அதைத் திருத்த மிகவும் பழகிய கை வேண்டும், நேரமும் கிடையாது. பின்சில்லு தள்ளும் காரில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. வளைவில் அக்சிலேற்றரைச் சற்றுக் கூட அழுத்தினாலே, தேய்ந்த பின்ரயர் பிடியை விட்டுவிடும். அந்தச் சாரதி சொன்னபடி செய்திருந்தால் பாதி தேய்ந்த ரயர்கள் பின்னுக்குப் போயிருக்கும். ஆறு பிள்ளைகளும் அடுத்த மழையிலும் அதே வளைவில் போயிருப்பார்கள்.

இதற்காக முன்னுக்கு மொட்டை ரயர் இருக்கலாம் என்று அர்த்தமல்ல. முன்ரயர் வெடித்தாலும் ஆபத்துத்தான். ரயரின் பள்ளங்களுக்குள் பாருங்கள். குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீற்றர் உயரமானவை. மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் ரயரின் காலம் முடிந்தது. நான்கும் அப்படியானால், நான்கையும் மாற்றும்வரை மழையில் பிள்ளைகளை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

ஒரு ரயரை மட்டும் பின்னுக்கு மாற்றுவதும் கூடாது. பின்சில்லுகள் இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் நேர் றோட்டிலும் டிஃபரன்சல் ஓயாமல் வேலைசெய்து சூடாகும். ரயரில் மிச்சம் பிடித்த காசு டிஃபரன்சலுக்குப் போய்விடும்.

ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கார்கள் வந்த காலத்தில் பெரும்பாலும் குறுக்கு நூல் ரயர்களே இருந்தன. இன்று கிடைப்பவை பெரும்பாலும் ரேடியல். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கவே கூடாது. இரண்டு ரேடியல்தான் வாங்க முடியுமென்றால் அவையும் பின்னுக்கே. மொறிஸ் மைனருக்கு 14 அங்குல றிம். அதன் பழைய 5.20-14 ரயருக்குப் பதிலாக 145 ஆர் 14 ரேடியல் போடுவது வழக்கம்.

கடைக்குப் போகுமுன் இப்போதுள்ள ரயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 155/80 ஆர் 13 79 ரி என்று இருந்தால், 155 என்பது மில்லிமீற்றரில் அகலம். 80 என்பது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 13 என்பது றிம்மின் அங்குலம். 79 என்பது ஒரு ரயர் 437 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. ரி என்பது மணிக்கு 190 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது. நமது காருக்கு அந்த வேகம் தேவையில்லை. ஆகவே வேகக்குறி உயர்ந்த ரயருக்கு அதிக காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சுமைக்குறி கார்க் கொம்பனி சொன்னதிலும் குறையக் கூடாது.

அடுத்தது ரயரின் வயது. டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, தொடவே வேண்டாம். ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் காய்ந்து வெடிக்கும். ஆறு வருடம் கடந்த ரயரைச் சந்தேகத்தோடு பாருங்கள். பத்து வருடம் கடந்ததைக் கழித்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் பாவித்த ரயரின் உட்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் வீக்கமோ வெட்டோ, உள்ளே ஒட்டுப் போட்ட தடமோ இருந்தால் வேண்டாம்.

விலையைத் தனியே பார்க்காமல், ஓடும் தூரத்தோடு பாருங்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 12,000 ரூபா ரயர் 20,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 60 சதம். 18,000 ரூபா ரயர் 40,000 ஓடினால் 45 சதம். மலிவு எது என்பது அப்போது தெரியும்.

வாங்கிய ரயரை நீண்டகாலம் ஓடவைப்பது காற்று. வாரம் ஒருமுறை, ஓடுவதற்கு முன் ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ரயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூட. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லின் நேர் பிழைத்திருக்கலாம், அலைன்மன்ற் பார்க்கவேண்டும். ஸ்பெயார் சில்லையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தால் சாரதியோடு சண்டை பிடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான சாரதிகள் கேட்டதை நம்பிச் சொல்பவர்கள். உயிரைப் பணயம் வைத்து ஓடுபவர்களும் அவர்களே. ஆனால் கார் பெண்ணுடையதாக இருந்தும் அதைப் பற்றிய பேச்சு ஆண்களுக்குள்ளேயே நடந்து முடிவதை எத்தனையோ கராஜ் வாசல்களில் பார்த்துவிட்டேன். காசு கொடுக்க மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அந்த அக்கா சாரதியையும் ஐயாவிடம் கூட்டிவந்து, மூவருமாகக் காருக்குக் கீழே பார்த்தார்கள். புது ரயர் இரண்டும் பின்னுக்குப் போயின. இப்போது அவர் ஹயர் ஓடும் ஒவ்வொரு நாளும் நூறு ரூபாவை ரயருக்கென்று தனி உண்டியலில் போடுகிறார்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கார், ஓட்டோ வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருந்தால், ரயருக்கென்று ஒரு சிறு சுழற்சிக் கடன் தொடங்கலாம். கூட்டாகப் போய் விலை கேட்டால் கடைக்காரரும் இறங்கி வருவார். மாரி மழை ஒக்ரோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் நான்கு ரயரின் இலக்கங்களையும் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்த மாதம், சாரதியோடு வாடகைப் பங்கை எழுத்தில் எப்படி வைப்பது என்று பார்ப்போம்.