அடக்கிக்கொள்வது நாணம் அன்று

மலஜலம் நெருக்கும்போது அதை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். தொழுகைக்காகக்கூடச் சிறுநீரை அடக்கச் சொல்லாத மார்க்கம் நம்முடையது. நம் பெண்களோ பயணத்திற்காகவும், கல்யாண வீட்டிற்காகவும், வேலைக்காகவும் மணிக்கணக்கில் அதை அடக்கிக்கொள்கின்றனர். நீரிழிவு உள்ள பெண்ணுக்கு இப்பழக்கம் பெருங்கேடு.

2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவாளர் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெண்களைச் சிறுநீர்த் தொற்று ஏன் எளிதில் பற்றுகிறது? ஆணின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், பெண்ணுக்கோ 4 செ.மீ. அளவே. குடற்கிருமிகள் விரைவில் சிறுநீர்ப்பையை அடைந்துவிடுகின்றன. இது எல்லாப் பெண்களுக்கும் பொது. நீரிழிவு இதனுடன் மேலும் சில கேடுகளைச் சேர்க்கிறது. இரத்தச் சர்க்கரை 180 மி.கி. அளவைத் தாண்டும்போது சிறுநீரிலும் சர்க்கரை இறங்கிக் கிருமிக்கு உணவாகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் வலுவிழக்கின்றன. நாட்பட்ட நோயில் நரம்புகள் தளர்வதால் சிறுநீர்ப்பை முழுதும் காலியாவதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியலிலேயே ஜீப் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கழிப்பிடம் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ள நேர்கிறது. எரிச்சல் கண்டால் கணவரிடம் சொல்லவும் கூச்சம். மருந்துக்கடையில் வாங்கிய நான்கு மாத்திரையுடன் நோய் மறைகிறதேயன்றித் தீர்வதில்லை. குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி தோன்றினால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக் கூடும். அதன்பின் ஒருநாள் தாமதமும் ஆபத்தே.

நாணம் ஈமானின் ஒரு கிளை, ஐயமில்லை. ஆயினும் மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாகவில்லை என்றே அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். கற்பதற்குத் தடையாகாத நாணம் உயிர் காக்கும் சிகிச்சைக்கு மட்டும் தடையாகலாமா?

ஆகவே, தாயிடமும் மனைவியிடமும் நாமே கேட்போம். சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதிருக்க, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது. தொற்றின் அறிகுறி கண்டால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் சிறுநீரைப் பரிசோதித்து, மருத்துவர் தரும் மருந்தை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். இஸ்தின்ஜா செய்யும்போது முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வதைப் பெண்மக்களுக்குத் தாய்மார் கற்பிக்க வேண்டும்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. திருமண மண்டபத்திலும் மதரஸாவிலும் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் வேண்டும். நம்மில் தோட்டம் வைத்திருப்போர், கூலியோடு இதையும் தொழிலாளியின் உரிமையாகக் கருத வேண்டும். தூய்மை ஈமானில் பாதி என்று போதிக்கும் சமுதாயம், அதற்கான இடத்தைப் பெண்களுக்கு மறுப்பது தகாது.