மூத்ததன் புகழில் மறைந்த இளையது

ஒரு வீட்டில் மூத்த பிள்ளை பரீட்சையில் முதலாவதாகத் தேறிவிட்டால், அடுத்த பிள்ளையின் பாடு பெரும்பாடு. அது எதைச் செய்தாலும், "அண்ணனைப் போல வருமோ?" என்ற கேள்வியே முதலில் எழும். கலைப்படைப்புகளுக்கும் இத்தலைவிதி உண்டு. முதற் படைப்பைக் கேட்கும்போது நம்மிடம் அளவுகோல் இல்லை. ஆதலால் வியந்து நிற்கிறோம். இரண்டாவது வரும்போதோ அளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் காத்திருக்கிறோம்.

மேனாட்டு இசைக்குழுக்களிடையே இதற்கு உதாரணங்கள் பல. அமெரிக்காவின் வீசர் என்னும் றொக் இசைக்குழு 1994ஆம் ஆண்டில் தன் முதலாவது இசைத்தொகுப்பால் பெரும்புகழ் எய்தியது. 1996இல் வந்த 'பிங்கர்ட்டன்' என்ற இரண்டாவது தொகுப்பு போதிய வரவேற்பைப் பெறவில்லை. ஆண்டுகள் சில சென்ற பின்னரே அதனை உயர்ந்த படைப்பெனப் பலரும் போற்றலாயினர். நமது தமிழ்த் திரையிசையிலும் அத்தகைய தொகுப்பொன்று உண்டு. ஏ. ஆர். ரகுமான் 'ரோஜா'வை அடுத்துத் தமிழில் இசையமைத்த 'புதிய முகம்' என்னும் படத்தின் பாடல்களையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

'ரோஜா' 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளியாயிற்று. அதன் வெற்றியை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதற் படத்திலேயே ரகுமான் இந்தியத் தேசிய விருதைப் பெற்றார். அவ்விருதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தேர்வுக் குழுவின் தலைவராக இருந்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா. 'தேவர் மகன்' படத்துக்கு இசையமைத்த இளையராஜாவுக்கும் புதியவரான ரகுமானுக்கும் வாக்குகள் சமமாக விழுந்தபோது, தலைவர் அளித்த வாக்கே புதியவருக்கு வெற்றியை ஈட்டித் தந்தது.

இத்துணை உயரத்தில் ஏற்றி வைக்கப்பட்டவரின் அடுத்த அடி எங்கே விழும் என்று யாவரும் பார்த்திருந்தனர். இடையில் 'யோதா' என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்த ரகுமான், 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான 'புதிய முக'த்துடன் தமிழுக்கு மீண்டார். அறுவைச் சிகிச்சையால் முகத்தை மாற்றிக்கொள்ளும் ஒருவனின் கதை அது. படம் 'ரோஜா'வைப் போல் நாடெங்கும் பேசப்படவில்லை. இரண்டே மாதங்களில் 'ஜென்டில்மேன்' வந்தது. ஆண்டு முடிவதற்குள் 'கிழக்குச் சீமையிலே', 'திருடா திருடா' ஆகியனவும் வந்தன. முன்னே ஒரு மலையும் பின்னே ஒரு வெள்ளமுமாக, இடையிலிருந்த சிறு தோட்டம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

அத்தோட்டத்தினுள் நுழைந்து பார்ப்போம். 'கண்ணுக்கு மை அழகு' என்ற பாடலைப் பாடியவர் பி. சுசீலா. 1950களிலிருந்து பாடிவரும் அக்குரலை, இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். புதுமை செய்ய வந்தவர் என்று பெயரெடுத்த ஓர் இளைஞர், தமது இரண்டாம் தமிழ்ப் படத்திலேயே அந்த மூத்த குரலைத் தேடிச் சென்றார். அதே மெட்டை உன்னி மேனன் ஆண்குரலிலும் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு, ஒரே மெட்டு குரலுக்கேற்ப வேறு வேறு உணர்ச்சி கொள்ளுதல் புலனாகும். பக்கவாத்தியங்கள் அடங்கி நின்று குரலுக்கு வழிவிடுகின்றன. இந்த அடக்கம் எளிதிற் கைவருவதன்று.

'நேற்று இல்லாத மாற்றம்' என்பது சுஜாதா பாடியது. காதல் புகுந்த ஓர் இளமனம் தன்னைத் தானே வியக்கும் பாடல் அது. மேனாட்டுத் தாளக்கட்டில் அமைந்தும் தமிழின் மென்மை குன்றவில்லை. 'ஜூலை மாதம் வந்தால்' என்ற துள்ளற் பாட்டில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் இணைந்தவர் அனுபமா. அவ்வாண்டின் இறுதியில் 'திருடா திருடா'வின் 'சந்திரலேகா'வால் தமிழுலகைத் திரும்பிப் பார்க்கவைத்த குரல் அதுவே. பாடல்களை எழுதியவர் 'ரோஜா'வுக்கு எழுதிய அதே வைரமுத்து.

'ரோஜா'வின் பாடல்களிடையே உள்ள ஒருமைப்பாடு இதில் இல்லை என்று கூறுவோர் உளர். அது உண்மையே. ஆயினும், பின்னர் அவர் நெடுந்தூரம் நடக்கவிருந்த பாதைகள் பல இங்கேதான் தொடங்குகின்றன. முதல் வெற்றியை நகலெடுத்து விற்றிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவர் அவ்வாறு செய்யவில்லை. 'ரோஜா' அவருடைய ஆற்றலைக் காட்டிற்று. 'புதிய முகம்' அவருடைய துணிவைக் காட்டுகிறது.

கரம்பொன் வாசகர்க்கு இதனை நினைவூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்பாடல்கள் வெளியானபோது நம் ஊரவர் பலர் ஊரில் இல்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் யுத்தத்தில் தீவகத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறியிருந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் தஞ்சமடைந்தோர்க்கு மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் சிறு மின்சாரத்தில் மற்றவர்கள் பாட்டுக் கேட்ட காலம் அது. அந்நிலையில் ஒரு படத்தின் பாடல்கள் தவறிப்போனால் அதில் வியப்பென்ன? வேறொரு ஊரில், வேறொரு நாட்டில் புதிய முகம் பூண்டு வாழ நேர்ந்த ஒரு தலைமுறை, அப்பெயர் கொண்ட பாடல்களை ஆறுதலாக இருந்து கேட்க வாய்ப்பின்றிப் போயிற்று.

இன்று அக்குறையை நிவர்த்தி செய்தல் எளிது. கைத்தொலைபேசியில் ஒரு விரல் தீண்டலில் அப்பாடல்கள் வந்துவிடும். ஓர் ஞாயிறு மாலையில் பாட்டியையும் பேத்தியையும் ஒன்றாக இருத்திக் கேட்கச் செய்யுங்கள். சுசீலாவின் குரலைப் பாட்டி இனங்காண்பார்; ரகுமானின் தாளத்தைப் பேத்தி இனங்காண்பாள். ஒன்றுமட்டும் வேண்டுகிறேன்: அவ்வேளையில் 'ரோஜா'வைச் சற்றே மறந்துவிடுங்கள்.

வீட்டிலுள்ள இரண்டாவது பிள்ளைக்கும் அதே நீதியை வழங்குதல் நன்று. அண்ணனின் புள்ளிகளை மறந்து, அது என்ன சொல்ல வருகிறது என்று ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள்.